நர்சிங் ஹோம் உயரட்டும். அனுமதி முதலில் வரட்டும்!



நமது ஊர்களில் நர்சிங் ஹோம்கள் உருவான விதம் நாம் அனைவரும் அறிந்ததே. ஒரு டாக்டர் தன் வீட்டின் முன் அறையில் கிளினிக் நடத்துவார். கைராசிக்காரர் என்று பெயர் பரவும். திண்ணை போதாமல் கூட்டம் தெருவில் நிற்கும். வீட்டின் பின்கட்டில் நான்கு கட்டில்கள் போடப்படும். மனைவியும் டாக்டர் என்றால் பிரசவம் பார்க்கும் அறை ஒன்று சேரும். பத்து ஆண்டுகளில் அந்த வீடே நர்சிங் ஹோமாகி, வாசலில் பெயர்ப்பலகை ஏறிவிடும்.

இப்படிப் பிறந்த நர்சிங் ஹோம்கள்தான் நமது சிறு நகரங்களின் தாய்மார்களை இன்றளவும் காப்பாற்றி வருகின்றன. நள்ளிரவில் இடுப்பு வலி கண்ட பெண்ணை மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் என்ன நேரும் என்பதை அனுபவித்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. நெஞ்சு வலி வந்த முதியவருக்கு முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பதும் நமக்குத் தெரியும். எனவே, பத்துப் படுக்கை முப்பதாக வேண்டும், தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும், ஸ்கேன் வேண்டும், டயாலிசிஸ் வேண்டும் என்று ஊர் கேட்பது நியாயமான கோரிக்கை.

இந்தக் கோரிக்கைக்குப் பணம் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். கடைத்தெரு வணிகர்கள் பங்கு போடத் தயார். வளைகுடாவில் வியர்வை சிந்தும் சகோதரர்கள், "நம்மூருக்கு ஒரு நல்ல ஆஸ்பத்திரி" என்றால் சேமிப்பை அனுப்பி வைக்கிறார்கள். பக்கத்து மனையை வாங்கி, அஸ்திவாரம் தோண்டி, கம்பி கட்டி, தளம் போட்டு, மூன்றாவது மாடிக்குச் சாரம் ஏறியபின் ஒரு நாள் நோட்டீஸ் வருகிறது. "அனுமதியற்ற கட்டுமானம். பணியை உடனே நிறுத்துக!"

அன்றுதான் எல்லோரும் விழித்துக் கொள்கிறார்கள். அரசியல் பிரமுகரைப் பிடிப்பது, கவுன்சிலரைக் கெஞ்சுவது, வக்கீலைத் தேடுவது என்று ஓட்டம் தொடங்குகிறது. ஊர்ப் பணம் கான்கிரீட்டுக்குள் முடங்கிக் கிடக்க, ஆண்டுகள் உருண்டோடுகின்றன. நோயாளிகளோ பழையபடி வெளியூருக்கு வாகனம் ஏறுகிறார்கள்.

ஒரு ஊருக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல இது. ஆகவேதான் இதைத் தலையங்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

மனை நம்முடையது, பயன்பாடு?

"என் இடம், என் பணம், நான் ஆஸ்பத்திரி கட்டுகிறேன். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பத்திரமும் பட்டாவும் நம் பெயரில் இருந்தால் நிலம் நம்முடையதே. ஆனால் அந்த நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்பதைச் சொல்வது வேறொரு சட்டம். அதுதான் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்.

இந்தச் சட்டப்படி நகரங்களுக்கு 'முழுமைத் திட்டம்' தயாரிக்கப்படுகிறது. மாஸ்டர் பிளான் என்று நாம் சொல்வது இதைத்தான். அதில் ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதாவது ஒரு பயன்பாட்டு மண்டலத்துக்குள் வரும். குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனப் பயன்பாடு, திறந்தவெளி, விவசாயம் என்று பிரிவுகள் உண்டு. பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்றவை நிறுவனப் பயன்பாட்டில் வருபவை. குடியிருப்பு மண்டலத்தில் சிறிய கிளினிக்குகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் வரம்புக்குட்பட்டு இடம் தரப்படுகிறது. சிக்கல் பிறப்பது அந்த வரம்பைத் தாண்டும்போதுதான்.

டாக்டரின் வீட்டில் நான்கு கட்டில் கிடந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதே இடம் நான்கு மாடி மருத்துவமனையாகும்போது சட்டத்தின் பார்வையில் அது புதிய கட்டடம், புதிய பயன்பாடு. "முப்பது வருடமாக இங்கேதானே நடத்துகிறோம்" என்ற வாதம் பழைய நான்கு கட்டிலுக்கு ஒருவேளை பொருந்தலாம். புதிய மூன்று மாடிக்கு அது ஒருபோதும் பொருந்தாது.

வாங்கிச் சேர்க்கும் பக்கத்து மனை விவசாய மண்டலத்தில் இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஊர் எல்லையில் மலிவாகக் கிடைக்கிறது என்று நஞ்சை நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு, "பின்னால் மாற்றிக் கொள்ளலாம்" என்று புரோக்கர் சொன்னதை நம்பியவர்கள் ஏராளம். முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளில்கூட விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017ஆம் ஆண்டு முதல் தனி விதிகள் இருக்கின்றன. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். பத்திரம் பதிவான கையோடு கடப்பாரையை எடுக்க முடியாது.

எந்த வாசலை முதலில் தட்டுவது?

கட்டடம் கட்டுவதற்கு முன் கடக்க வேண்டிய படிகளை நமது வணிகர்கள் வரிசையாக மனதில் பதித்துக் கொள்ள வேண்டும். வரிசை மாறினால் பணம் போகும்.

முதற்படி, மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதை எழுத்து மூலம் அறிவது. சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ.; பிற ஊர்கள் என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம் அல்லது உள்ளூர் திட்டக் குழுமம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். வில்லங்கச் சான்று பார்க்காமல் நாம் மனை வாங்குவதில்லை. மண்டலம் பார்க்காமல் மட்டும் ஏன் வாங்குகிறோம்?

இரண்டாம் படி, மண்டலம் பொருந்தாவிட்டால் நிலப் பயன்பாட்டு மாற்றம் கோருவது. விண்ணப்பம் கொடுத்ததும் அது கிடைத்துவிடாது. பத்திரிகைகளில் அறிவிப்பு வரும். ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்கப்படும். அதிகாரிகள் இடத்தைப் பார்வையிடுவார்கள். சாலையின் அகலம், சுற்றியுள்ள கட்டடங்கள், நீர்நிலை, வடிகால் எல்லாம் பரிசீலிக்கப்படும். அதன் பிறகே முடிவு வரும். இதற்கு மாதங்கள் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்தே திட்டம் போட வேண்டும்.

மூன்றாம் படி, திட்ட அனுமதியும் கட்டட அனுமதியும். இவை இரண்டும் ஒன்றல்ல. திட்ட அனுமதி நகர் ஊரமைப்புச் சட்டப்படி வருவது. கட்டட அனுமதி நகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ உள்ளாட்சிச் சட்டப்படி கொடுப்பது. "பஞ்சாயத்தில் பிளான் அப்ரூவல் வாங்கியாயிற்று" என்று சொல்லி நான்கு மாடி எழுப்புவோர், தம் அதிகாரத்துக்கு மீறிய கட்டடத்துக்கு ஊராட்சி கொடுத்த அனுமதி நீதிமன்றத்தில் நிற்காது என்பதை உணர வேண்டும். 2024ஆம் ஆண்டு தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையையும் சிலர் இங்கே போட்டுக் குழப்புகிறார்கள். அது 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கானது. மருத்துவமனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எவ்வளவு கட்டலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டாத கட்டடங்களுக்குத் தளப் பரப்புக் குறியீடு பொதுவாக 2. அதாவது 2,400 சதுர அடியுள்ள ஒரு கிரவுண்டு மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து ஏறத்தாழ 4,800 சதுர அடி. இதிலும் சாலை அகலம், நான்கு பக்கமும் விட வேண்டிய காலியிடம், வாகன நிறுத்தம் ஆகியவற்றைப் பொறுத்துக் கிடைப்பது குறையலாம். இந்தக் கணக்கைப் போடாமல் "ஐம்பது படுக்கை" என்று நோட்டீஸ் அடித்து வசூல் செய்வது பங்குதாரர்களை ஏமாற்றுவதாகவே முடியும்.

நான்காம் படி, மற்றத் துறைகள். தீயணைப்புத் துறையின் சான்று, 1974, 1981ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி அங்கீகாரம், 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி சுகாதாரத் துறையில் பதிவு. படுக்கைகளைக் கூட்டும்போது பழைய பதிவே போதும் என்று இருந்துவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சாய்தளம் முதலான வசதிகள் இல்லாத வரைபடத்துக்கு அனுமதியே கொடுக்கக் கூடாது. நடக்க முடியாதவர்கள் வரும் கட்டடத்துக்குப் படிக்கட்டை மட்டும் வைத்துவிட்டுச் சட்டத்தை நொந்து கொள்வதில் அர்த்தமில்லை.

கடைசிப் படி, கட்டி முடித்தபின் வாங்கும் நிறைவுச் சான்று. அனுமதி பெற்ற வரைபடப்படிதான் கட்டடம் எழுந்திருக்கிறது என்று அதிகாரிகள் சான்றளிக்க வேண்டும். இது இல்லாமல் மருத்துவமனைக்கு நிரந்தர மின் இணைப்புக்கும் குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்புக்கும் திண்டாட வேண்டியிருக்கும். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. அனுமதியின்றிக் கட்டிவிட்டு, காலதாமதத்தையும் போட்ட பணத்தையும் அதிகாரிகளின் அலட்சியத்தையும் காரணமாகக் காட்டித் தப்பிக்க முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம்.

'பின்னால் வரன்முறைப்படுத்திக் கொள்ளலாம்'

இந்த ஒரு வாக்கியம் நமது வணிகர்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

தமிழகத்தில் விதிமீறல் கட்டடங்களுக்கு அபராதம் வாங்கிக் கொண்டு வரன்முறைப்படுத்தும் வழி இருந்தது உண்மைதான். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவு 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டப்பட்டவற்றுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது. அந்தக் கெடுவை மேலும் மேலும் நீட்டிக்கச் செய்த திருத்தங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு ஏற்க மறுத்தது. பின்னர் வந்த 113-சி பிரிவு 2007 ஜூலை 1 வரை கட்டப்பட்டவற்றுக்கு மட்டுமே. நேற்றுக் கட்டிய கட்டடத்தை இந்தப் பிரிவுகளில் எதைக் காட்டியும் காப்பாற்ற முடியாது. நாளை மறுபடியும் ஒரு திட்டம் வரும் என்று நம்பிக் கோடிகளைக் கொட்டுவதற்கு வணிகம் என்று பெயரா, சூதாட்டம் என்று பெயரா?

2011 அக்டோபர் இறுதியில் சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருப் பகுதியில் பெரிய பெரிய கடைகள் சீல் வைக்கப்பட்டதை வணிகச் சகோதரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடைக்குச் சீல் வைத்தால் சரக்கு முடங்கும். மருத்துவமனைக்குச் சீல் வைத்தால் உள்ளே கிடக்கும் நோயாளி எங்கே போவார்?

நெருப்பு கொடுத்த பாடங்கள்

விதிகள் என்றாலே லஞ்சம் வாங்க ஏற்படுத்திய தடைகள் என்று எண்ணும் மனநிலை நம்மிடம் ஊறிவிட்டது. லஞ்சம் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் விதிகளுக்குப் பின்னால் சாம்பலும் சவங்களும் இருக்கின்றன.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். கூரைக் கொட்டகையில், எந்த முறையான கண்காணிப்பும் இன்றி நடந்த காப்பகம் அது. நம் வீட்டு வாசலில் நடந்த அந்தக் கொடுமையை நாம் மறந்துவிட்டோமா?

2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் தாக்குரியாவில் பெரியதொரு தனியார் மருத்துவமனையில் தீ. ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தூக்கத்திலும் படுக்கையிலும் புகையில் மூச்சுமுட்டி மாண்டவர்கள். வாகனம் நிறுத்துவதற்கென இருந்த அடித்தளத்தில் எளிதில் தீப்பற்றும் பொருட்களை அடைத்து வைத்திருந்தார்கள். வாகன நிறுத்தத்தைக் கிடங்காக மாற்றுவது 'சின்ன விதிமீறல்' என்று நினைப்பவர்கள் இதை நெஞ்சில் எழுதிக் கொள்ளட்டும்.

2024 மே மாதம் டெல்லியில் பச்சிளம் குழந்தைகளுக்கான தனியார் மருத்துவமனை ஒன்று எரிந்தபோது, அதன் உரிமம் காலாவதியாகியிருந்ததையும், அனுமதித்த அளவைவிட அதிகக் குழந்தைகள் உள்ளே இருந்ததையும் போலீசார் வெளிப்படுத்தினர். அதே ஆண்டு டிசம்பரில் நமது திண்டுக்கல்லிலேயே தனியார் மருத்துவமனைத் தீ விபத்தில் 6 உயிர்கள் போயின. லிஃப்ட்டுக்குள் சிக்கிப் புகையில் மூச்சுத் திணறியவர்களும் அவர்களில் அடக்கம்.

கடையில் தீப்பிடித்தால் வாடிக்கையாளர் ஓடிவிடலாம். மருத்துவமனையில் அறுவை முடிந்து மயக்கத்தில் கிடப்பவர் எப்படி ஓடுவார்? இன்குபேட்டரில் இருக்கும் சிசு எப்படி ஓடும்? இரண்டாவது படிக்கட்டு, கட்டில் திரும்புமளவு அகலமான நடைவழி, தீயணைப்பு வண்டி சுற்றிவர இடம் இவையெல்லாம் கேட்கப்படுவது அவர்களுக்காகத்தான். சுற்றிலும் விட வேண்டிய காலியிடத்தில் தகரக் கூரை போட்டு மருந்துக்கடை வைப்பவர், தீயணைப்பு வண்டியின் பாதையில் மருந்துக்கடை வைக்கிறார்.

அண்டை வீட்டாரின் குரல்

விரிவாக்க அறிவிப்பு வந்ததும் ஆட்சேபணை கொடுப்பவர்களை எதிரிகளாகப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. "ஊருக்கு நல்லது செய்கிறோம், இவர்களுக்குப் பொறாமை" என்று பேசித் திரிவார்கள். அண்டை வீட்டாரின் உரிமையை உயிராக மதிக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட நாம் இப்படிப் பேசலாமா?

அந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் நிலையில் நின்று பாருங்கள். இரவு பகலாக ஆம்புலன்ஸ். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இரைச்சல். பார்க்க வருவோரின் ஸ்கூட்டர்கள் வீட்டு வாசல்களை அடைத்துக் கொள்கின்றன. இரத்தம் தோய்ந்த பஞ்சும் ஊசியும் குப்பைத் தொட்டியில் கிடந்து நாய்கள் இழுத்துப் போடுகின்றன. ஆழ்குழாய்க் கிணறு தோண்டியதும் பக்கத்துக் கிணறுகள் வற்றுகின்றன. இவை கற்பனைப் புகார்களல்ல.

ஒவ்வொன்றுக்கும் விடை இருக்கிறது. மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வகை பிரித்து, 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்காமல், அங்கீகாரம் பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஜெனரேட்டருக்கு ஒலித் தடுப்புக் கூண்டு உண்டு. வாகனங்களைத் தம் மனைக்குள்ளேயே நிறுத்த இடம் ஒதுக்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும். விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே நர்சிங் ஹோம் நிர்வாகம் அந்தத் தெருவாசிகளை அழைத்து, வரைபடத்தை விரித்து வைத்து, இவற்றை எப்படிச் செய்யப் போகிறோம் என்று விளக்கினால் என்ன குறைந்துவிடும்? அவர்கள் சொல்வதில் நியாயம் இருந்தால் வரைபடத்தைத் திருத்திக் கொள்ளலாம். நுழைவாயிலைப் பெரிய சாலைப் பக்கம் திருப்பி வைத்ததாலேயே தீர்ந்துவிடக்கூடிய சண்டைகள் நீதிமன்றம் வரை போய் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன.

ஆட்சேபிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாகன நெரிசல், கழிவு, தீ ஆபத்து ஆகியவற்றைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் "நோயாளிகள் நம் தெருவுக்கு வரக் கூடாது", "அந்தக் கூட்டம் இங்கே வந்து போகக் கூடாது" என்ற எண்ணத்தை மண்டல விதிக்குள் ஒளித்து வைத்துப் பேசாதீர்கள். நாளை உங்கள் வீட்டிலும் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு உட்காருவார். அன்று அந்தத் தெருமுனை மருத்துவமனைதான் உங்களுக்கும் கதி.

'நம்மவர் என்பதால்தானா?'

பேசத் தயங்கும் ஒரு விஷயத்தையும் பேசிவிடுவோம். நமது சமுதாயத்தவர் நடத்தும் நிறுவனத்தின் ஃபைல் மேசையில் தூங்கும்போதும், மற்றவர் கட்டடம் தடையின்றி உயரும்போது நம் கட்டடத்துக்கு மட்டும் நோட்டீஸ் வரும்போதும், "நாம் என்பதால்தான்" என்ற வேதனை எழுகிறது. அது எப்போதும் பொய்யென்று நாம் சொல்ல மாட்டோம். வட மாநிலங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகளைப் புல்டோசர் கொண்டு தரைமட்டமாக்கியபோது, அதிகாரிகள் காட்டிய சாக்கு 'அனுமதியற்ற கட்டடம்' என்பதுதான்.

அந்த அநீதிக்கு எதிராக 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு மிக முக்கியமானது. குற்றம் சாட்டப்பட்டார் என்பதற்காக ஒருவரின் வீட்டை இடிக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை. இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். விதியை மீறும் அதிகாரிகள் சொந்தப் பொறுப்பில் இழப்பீடு கொடுக்க நேரிடும் என்றெல்லாம் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு கூறியது.

இந்தத் தீர்ப்பைப் பாராட்டும் நாம் அதன் மறுபாதியையும் பார்க்க வேண்டும். முறையான நடவடிக்கை இல்லாமல் இடிக்கக் கூடாது என்றுதான் அது சொல்கிறது. அனுமதியில்லாமல் கட்டலாம் என்று சொல்லவில்லை. அடுத்த மாதமே வந்த டிசம்பர் 17 தீர்ப்பு அதைத் தெளிவாக்கிவிட்டது. பாரபட்சத்தோடு ஒரு அதிகாரி நம் வாசலுக்கு வரும்போது, நம் கையில் முத்திரையிட்ட வரைபடமும் நிறைவுச் சான்றும் இருந்தால், அவருடைய பாரபட்சம் நீதிமன்றத்தில் வெட்ட வெளிச்சமாகும். கையில் எதுவும் இல்லையென்றால், அவர் பாரபட்சத்தைச் சட்டத்துக்குள் ஒளித்துக் கொள்வார். அந்த மறைவிடத்தை நாமே ஏன் கட்டிக் கொடுக்க வேண்டும்?

அரசுக்கு நாம் சொல்வது

நம் பக்கம் செய்ய வேண்டியதைச் சொன்னோம். ஆட்சியாளர்களையும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நேர்வழியில் போகிறவன் அலைக்கழிக்கப்பட்டு, குறுக்கு வழியில் போகிறவன் கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்தினால், சட்டத்தை மதிக்க மக்களுக்கு எப்படி மனம் வரும்? இணைய வழி ஒற்றைச் சாளரம் என்று சொல்கிறார்கள். சாளரம் ஒன்றாக இருந்தும் அதற்குப் பின்னால் ஒவ்வொரு துறையும் தனித்தனியாகக் கேள்வி கேட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காகிதம் கேட்டால் என்ன பயன்? குறைகள் அனைத்தையும் ஒரே கடிதத்தில் சொல்ல வேண்டும். மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு, காலத்தோடு மறுக்க வேண்டும்.

முழுமைத் திட்டங்களைப் பல ஆண்டுகள் புதுப்பிக்காமல் போட்டுவிட்டு, ஊர் வளர்ந்தபின்னும் பழைய வண்ண வரைபடத்தைக் காட்டி மக்களை நில மாற்றத்துக்கு அலையவிடுவது நியாயமல்ல. புதிய திட்டம் தயாரிக்கும்போதே, எந்தச் சாலையில் மருத்துவமனைகள் வரலாம் என்று இடம் குறித்து வைத்தால் இந்தத் தொல்லையில் பாதி குறையும். சிறு நகரங்களில் 20, 30 படுக்கைகள் கொண்ட நர்சிங் ஹோம்கள் மூடப்பட்டால் அந்த மக்களுக்கு அடுத்த வழி என்ன என்பதையும் அரசு எண்ணிப் பார்க்க வேண்டும். பாதுகாப்பில் தளர்வு கேட்கவில்லை. நடைமுறையில் நேர்மையும் வேகமும் கேட்கிறோம்.

இளைஞர்களே, வணிகர்களே!

நமது ஊர்களில் படித்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. சிவில் இன்ஜினியர்கள், வழக்கறிஞர்கள், கணினி படித்தவர்கள் இருக்கிறார்கள். ஐந்து பேர் கொண்ட ஒரு குழு போதும். தங்கள் ஊரின் முழுமைத் திட்ட வரைபடத்தை வாங்கி வையுங்கள். எந்தத் தெரு எந்த மண்டலம் என்று அறிந்து வையுங்கள். ஃபைல் எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே அரசுக்கு மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. புரோக்கரிடம் கொடுக்கும் லட்சங்களைவிட இந்த அறிவுக்கு மதிப்பு அதிகம்.

இப்போது நடந்துவரும் நர்சிங் ஹோம்களையும் இந்தக் குழு ஒரு முறை சுற்றிப் பார்க்கட்டும். மாடிப்படி அருகே ஆக்சிஜன் சிலிண்டர்கள் குவிந்திருக்கின்றனவா? அவசர வழிக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்களா? தீயணைப்புக் கருவியின் தேதி முடிந்துவிட்டதா? குறையைக் கண்டால் நிர்வாகத்திடம் அன்போடு சொல்லுங்கள். சொல்லியும் திருந்தாவிட்டால் உரிய அதிகாரியிடம் சொல்லத் தயங்காதீர்கள். அது நம்மவர் நிறுவனம் என்பதற்காக மௌனம் காப்பது, அங்கே படுத்திருக்கும் நம் தாய்க்கும் சகோதரிக்கும் செய்யும் துரோகம்.

வணிகப் பெருமக்களே! நர்சிங் ஹோம் விரிவாக்கத்துக்குப் பங்கு கேட்டு உங்கள் கடைக்கு வருவார்கள். வரவேற்று உட்கார வையுங்கள். தேநீர் கொடுங்கள். அதற்குப் பின் மூன்று கேள்விகள் கேளுங்கள். மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது? திட்ட அனுமதி எண் என்ன? தீயணைப்புத் துறை என்ன சொன்னது? விடை காகிதத்தில் இருந்தால் மனமுவந்து கொடுங்கள். "வேலை நடக்கிறது, பார்த்துக் கொள்ளலாம்" என்ற பதில் வந்தால், "அனுமதி வந்ததும் வாருங்கள், முதல் பங்கு என்னுடையது" என்று சொல்லி அனுப்புங்கள். வணிகர்கள் இதில் உறுதியாக நின்றால், ஓராண்டுக்குள் இந்த ஊர்களின் கட்டடப் பழக்கமே மாறிவிடும். வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் சகோதரர்களும் இதே கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். அங்கே ஒரு பெட்டிக்கடைக்குக்கூடப் பலதியாவின் அனுமதி வேண்டும் என்பதை அறிந்தவர்கள்தானே அவர்கள்?

நமது ஊர்களுக்கு மருத்துவமனைகள் வேண்டும். இன்னும் பெரிதாக வேண்டும். எல்லாச் சமூகத்தாரும் நம்பி வந்து போகும் இடங்களாக அவை உயர வேண்டும். பிறக்கும் குழந்தையும் பிழைக்க வரும் முதியவரும் பாதுகாப்பான கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்ற உறுதியை நாம் அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த உறுதி அஸ்திவாரக் கல்லுக்கு முன்பே, விண்ணப்பப் படிவத்தில் தொடங்குகிறது.

இந்த ஆண்டு விரிவாக்கம் செய்ய நினைக்கும் ஒவ்வொரு நர்சிங் ஹோம் நிர்வாகமும் கொத்தனாரை அழைப்பதற்கு முன் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகட்டும். சமுதாயம் அவர்களுக்குத் துணை நிற்கும்!